இறக்க வந்த போதகர்

மழை விட்டு ஓரிரு நாளில் எங்கள் சபைக்கு நோர்வேயிலிருந்து ஒரு போதகர் வந்து சேர்ந்தார். வேதபாடம் நடத்துவதற்காக முன்பே ஏற்பாடாகியிருந்த பயணம் அது. வந்த இடத்தில் பாதி ஊர் தண்ணீருக்குள் கிடந்தது. அவர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. "சனங்கள் இருக்கும் இடத்துக்கு என்னை அழைத்துப் போங்கள்" என்றார்.

நான் சுன்னாகத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். மொழிபெயர்க்க என்னைக் கூட அனுப்பினார்கள். அவரோ எனக்கு ஒரு சொல்கூட மிச்சம் வைக்கவில்லை. பழைய வேத புத்தகத்தை வைத்துத் தானாகவே தமிழ் படித்திருந்தார். எங்களை ஏற்றிப்போக வந்த வான் சாரதியிடம், "சகோதரனே, உமது இரதம் புறப்பட ஆயத்தமா?" என்று கேட்டார். சாரதி திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை," என்றேன்.

கரவெட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வெள்ளத்தால் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்தார்கள். அநேகமாக எல்லாரும் தோட்டம் செய்கிற சைவக் குடும்பங்கள். மூலையில் ஒரு பெண் சுவரோடு சாய்ந்திருந்தார். அவருடைய கணவர் மாட்டை அவிழ்த்துவிடப் போய் வெள்ளத்தோடு போய்விட்டார். முந்தைய நாள்தான் உடலை எடுத்து எரித்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மா வாய் திறக்கவுமில்லை, ஒரு வாய் சோறு தின்னவுமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி எனக்குச் சொன்னார்.

போதகர் மண்டபத்தின் நடுவில் போய் நின்றார். நெடுத்த மனிதர், தலை மின்விசிறிக்குக் கிட்டப் போனது. நெஞ்சில் கை வைத்து, கண் கலங்க, 'உங்களுக்காக இரங்க வந்தேன்' என்று சொல்ல நினைத்தார். வாயில் வந்ததோ வேறு.

"சகோதரிகளே, நான் உங்கள் நடுவில் இறக்க வந்தேன்."

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"ஐயோ, ஏன் தம்பி?" என்றார் பக்கத்து வீட்டுக்காரி.

"மிகவும் விருப்பத்தோடு வந்தேன்," என்றார் போதகர்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சாவு நடந்த இடத்தில் எப்படிச் சிரிப்பது? சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஒருவாறு சமாளித்து, "அவர் இரங்க எண்டு சொல்ல வந்தவர், வாய் தடக்கிப்போட்டுது," என்றேன்.

"நீர் சும்மா இரும் பிள்ளை. வெளியிலை சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறார். ஆளின்ரை கண்ணைப் பாரும்," என்றார் பக்கத்து வீட்டுக்காரி.

அதற்குப் பிறகு அவரைத் தனியே விட ஆளில்லை. உடுப்புக் காயப் போட்ட கயிற்றை ஒருவர் அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். போதகர் கை கழுவவென்று கிணற்றடிக்குப் போனதுதான் தாமதம், "கிணத்துப் பக்கம் விடாதையுங்கோ!" என்று பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வந்து பள்ளிக்கூட மர வாங்கில் இருத்தினார்கள். அவர் என்னிடம் ஆங்கிலத்தில், "இப்படி ஒரு விருந்தோம்பலை நான் எங்குமே பார்த்ததில்லை" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படி உண்மையைச் சொல்வது?

அப்போதுதான் மூலையிலிருந்த அம்மா எழும்பினார். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். வந்து போதகருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"தம்பி, உமக்குப் பெண்சாதி இருக்கே?"

"இருக்கிறாள், சகோதரியே."

"பிள்ளையள்?"

"இரண்டு குமாரத்திகள்."

"பிறகென்ன சாவு கேக்குது உமக்கு? போறவை போயிடுவினம். இருக்கிறவை படுற பாடு தெரியுமே?" அவருடைய குரல் உடைந்தது. "என்ரை மனுசனும் மாடெண்டு போனவர்தான். நில்லுங்கோ எண்டு கத்தினனான். கேக்கேல்லை."

பிறகு அழத் தொடங்கினார். எரித்த அன்றுகூட அழாதவர். போதகருக்கு அந்தப் பேச்சு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அவரும் வாங்கை விட்டிறங்கிப் பக்கத்தில் இருந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் அழுதார். அந்த ஒரு முறைதான் அவருடைய தமிழில் பிழை இருக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் கொண்டுவந்து போதகரின் முன்னால் வைத்தார். போதகர் சோற்றுக் கோப்பையை அந்த அம்மாவின் பக்கம் தள்ளினார்.

"நீர் சாப்பிடும்," என்றார் அம்மா.

"நீர் புசித்தால் நானும் புசிப்பேன்."

"புசிக்கிறதோ? அதென்ன பிள்ளை?"

"சாப்பிடுறது, அம்மா."

அம்மாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. இன்னொரு கோப்பை வந்தது. இருவரும் சாப்பிட்டார்கள். கறி உறைத்துப் போதகரின் காது சிவந்து, மூக்கால் தண்ணீர் ஓடியது. "மெல்ல, மெல்ல. தண்ணி குடியும்," என்று சொல்லிச் சொல்லி அந்த அம்மா தன் கோப்பையையும் முடித்துவிட்டார்.

புறப்படும்போது பக்கத்து வீட்டுக்காரி, சாகிற எண்ணம் அடியோடு போகட்டும் என்று, போதகரின் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார். திரும்பும் வழியில் வானுக்குள் வைத்து எல்லாவற்றையும் நான் விளங்கப்படுத்தினேன். அவர் முன் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கொஞ்சத் தூரம் போனபின், "ஆனால் அந்தச் சகோதரி சாப்பிட்டார் அல்லவா?" என்றார்.

அன்று பின்னேரம் ஆராதனைக்கு அதே திருநீற்றோடு வந்து பீடத்தில் நின்றார். முன்வரிசையிலிருந்த மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்த மூப்பருக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய், சட்டைப்பையிலிருந்து தன் கைலேஞ்சியை எடுத்து மரியாதையாக நீட்டி, நெற்றியைக் கண்ணால் காட்டினார்.

போதகர் நன்றி சொல்லி அதை வாங்கி, மூக்கைப் பலமாகச் சீறிவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.