தந்தி அறுந்த சனிக்கிழமை

ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றபோது வீட்டில் நானும் மருமகளும்தான். மகனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் இரண்டு மாதம்தான் திருகோணமலையில் நிற்பான். வெருகல் பக்கத்துப் பெண்ணை அவன் விரும்பியபோது நான் மறுத்தேன். அவன் கேட்கவில்லை, கட்டிவிட்டான். அதனால் மருமகளும் நானும் தேவைக்குத்தான் கதைப்போம். சோறு ஆறுது, குழாய்த்தண்ணி நிக்கப்போகுது. அவ்வளவே.

சனிக்கிழமைகளில் அவள் முன்ஹோலில் சிறுமிகளுக்குக் கிற்றார் சொல்லிக்கொடுப்பாள். நான் குசினி அடுப்படியில் நின்று கேட்பேன். வேலைக்காலத்தில் இப்படியொன்றைப் படிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. இப்போது நேரம் இருந்தது. அவளிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் மீன் வாங்கப் போனதும், அலுமாரியோடு சாத்தியிருந்த கிற்றாரை எடுத்து மடியில் வைத்தேன். மெல்லிய தந்தி தளர்ந்து ஒலிப்பதுபோல இருந்தது. அவள் செய்வதைப் பார்த்திருக்கிறேன்; தலைப்பக்கத்து ஆணியைத் திருகினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். படீரென்று அறுந்து மணிக்கட்டில் அடித்தது.

வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. பூனை தட்டிவிட்டதென்று சொல்லலாமா என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் பூனை இல்லை. மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பொய் சொன்ன பயிற்சித் தாதி ஒருத்தியை நான் அழவைத்திருக்கிறேன். வாசல் கேற் திறந்த சத்தம் கேட்டது.

"நான்தான் அறுத்துப்போட்டன்," என்றேன்.

அவள் மீன்பையைக் கீழே வைக்கவில்லை. "ஏன் மாமி என்னட்டக் கேக்கேல்ல?"

"கேட்டா தந்திருப்பியோ?"

"இந்த மூண்டு வருசத்தில என்னட்ட என்னத்தைக் கேட்டனீங்கள்?"

அவள் கைகழுவிவிட்டு வந்து புதுத்தந்தி மாட்டினாள். கடைசியில், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "படிக்க விருப்பமெண்டா நாலு மணிக்கு வந்து இருங்கோ. பிள்ளையளுக்கு முன்னால பிழைவிட ஏலுமெண்டா மட்டும்."

போனேன். சிறுமிகளின் வரிசையில் கடைசிக் கதிரை. தன் கிற்றாரையே என்னிடம் தந்து, மூன்று விரல்களை மூன்று தந்திகளில் வைக்கச் சொன்னாள். வேலைக்காலத்தில் நாள்முழுக்க ஊசிக்கு நரம்பு தேடிய விரல்கள் அவை. ஒன்றுகூடச் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. பக்கத்துச் சிறுமி சிரித்தாள். எழும்பிப் போய்விட நினைத்தேன். மருமகள் குனிந்து என் மோதிரவிரலைப் பிடித்துத் தந்திமேல் அழுத்தினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல்தடவை.

"நோகும் மாமி. விட்டிடாதேங்கோ."

நொந்தது. ஆனால் ஒரு சத்தம் வந்தது. கரகரத்த சத்தம்.

ஆறு மாதமாகிறது. இன்னும் விரலைப் பார்த்துத்தான் தந்திக்குத் தந்தி மாற்றி வைக்கிறேன். போனகிழமையும் மகனைப் பற்றிய கதையில் சண்டை பிடித்து, இரண்டு நாள் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. சனிக்கிழமை வந்தது. அவள் ஹோலில் கதிரைகளை இழுத்துப் போடுவது கேட்டது. எனக்கும் ஒன்று போட்டாளோ என்று அறைக்குள்ளேயே இருந்தேன்.

"மாமி, பிள்ளையள் வந்திட்டினம்," என்றாள்.

"ஓம், வாறன்," என்று எழும்பினேன்.