நாற்பத்தொரு வயதில் பல் டொக்டருக்குப் படிக்கப் போன நிஸ்தார் நானா

நிஸ்தார் நானா மௌத்தாகிவிட்டார்.

நேற்றுக் காலை கிளினிக்கைத் திறந்து ஃபேனைப் போடும்போது அவருடைய தங்கச்சி கோல் எடுத்தார். அமெரிக்காவில் வேலைக்குப் போகக் காரில் ஏறியவர் அப்படியே சாய்ந்து இறந்துவிட்டாராம்... மாரடைப்பு. வயது நாற்பத்தைந்து.

போனை வைத்துவிட்டு முதல் பேஷண்டின் பெயரைக் கூப்பிட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மாத்தளைப் பக்கம் பலாபத்வலயில் நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் ஆறு வருஷம் என்னோடு இருந்தவர், அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிட்டவர். நான் நம்பர் கொடுத்து ஆட்களை உள்ளே அனுப்புவேன். அவர் கருவிகளைக் கழுவி, அவித்து, ட்ரேயில் அடுக்கி வைப்பார்.

ஆனால் அவரும் பல் டொக்டர்தான். பங்களாதேஷில் படித்து முடித்தவர். வெளிநாட்டில் படித்தவர்கள் இலங்கையில் வேலை செய்ய ஒரு பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். மூன்று தடவை எழுதினார்... மூன்று தடவையும் செய்முறைப் பகுதியில் பெயில். பாஸ் பண்ணும் வரை ஒரு ஆளின் வாயில் கை வைக்க அவருக்கு அனுமதி இல்லை.

ஒரு நாள் எங்கள் டொக்டர் மேடம் கண்டிக்குப் போயிருந்தார். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரர் ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் அந்த அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"நீங்களும் டொக்டர்னு கடையில சொன்னாங்க. ஒரு ஊசியப் போட்டுக் கழட்டி விடுங்களேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் லொறிக்காரர் நானாவிடம்.

"எனக்கு ஏலா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே போகணும்."

"அப்ப எதுக்கு வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?"

வெயிட்டிங் ரூம் நிறைய ஆட்கள். நானா வெளியே இறங்கினார். ரோட்டுக்குப் போய் த்ரீவீல் ஒன்றை நிறுத்தி, அவர்களை ஏற்றி, தானும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனார்.

வீக்கம் தொண்டைக்கு இறங்கத் தொடங்கியிருந்ததாம். அக்கா நாலு நாள் வார்டில் இருந்து சுகமாகி வந்தார். பிறகு லொறிக்காரர் ஒரு பெரிய பூசணிக்காயைக் கொண்டுவந்து, நானாவின் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நானா அந்தக் கோட்டை மறுபடி போடவில்லை. சாதாரண சேட்டுதான். ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்...

அந்த வருஷம்தான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அப்ளை பண்ணத் தொடங்கினார். 'அட்வான்ஸ்ட் ஸ்டாண்டிங்' என்பார். வேறு நாட்டில் ஏற்கெனவே பல் டொக்டரானவர்களை முதல் வருஷத்தில் போடாமல் நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வார்களாம்.

"அப்ப திரும்ப ஸ்டூடன்ட்டா நானா?"

"ஓ தங்கச்சி. பேக் ஒன்னும் வாங்கணும்."

பகல் சாப்பாட்டு நேரத்தில் பிளாஸ்டிக் பல் பூட்டிய தாடை ஒன்றை வைத்து டிரில் பண்ணிப் பழகுவார். வெள்ளைத் தூள் என் சோற்றுப் பார்சலில் விழும். திட்டுவேன். சிரித்துக்கொண்டே பல்லைக் கொண்டுவந்து நீட்டுவார்.

"பாரு, சரியா இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கு."

உடனே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுப் பல் பூட்டுவார். எத்தனை பல் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாளி நிறையக் கொட்டியிருக்கிறேன்.

இரண்டு வருஷம் வந்ததெல்லாம் மறுப்பு மெயில்தான். பிறகு ஒரு இடத்தில் ஸூமில் இன்டர்வியூ. உக்குவெலையில் அவர் வீட்டில் சிக்னல் இல்லாததால், ஒரு பின்னேரம் கிளினிக்கில்தான் நடந்தது. யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள நான் கதவடியில் நின்றேன்.

படிப்பு முடிந்து இத்தனை வருஷமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். என் அரைகுறை இங்கிலீஷுக்கே அது விளங்கியது. நானா நேரே ஸ்கிரீனைப் பார்த்து, "நான் கருவிகள் கழுவுகிறேன். பேஷண்டைத் தொட எனக்கு அனுமதி இல்லை" என்றார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் நானா அப்பிடிச் சொன்னீங்க? வேற மாதிரி சொல்லியிருக்கலாமே?"

"அதத்தானே செய்றேன் தங்கச்சி."

பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன். பாதியைச் சேட்டில் சிந்திக்கொண்டார்.

அமெரிக்காவுக்குப் போய்ப் பல் செதுக்கிக் காட்டும் டெஸ்டும் இருந்தது. போனார், தேறினார். இடம் கிடைத்தது. மனைவியையும் மகளையும் இங்கே விட்டுவிட்டு, தன் வயதில் பாதி வயதுப் பிள்ளைகளோடு மூன்று வருஷம் வகுப்பில் இருந்தார்.

படிக்கும்போதே, பேராசிரியர் பக்கத்தில் நிற்க, பங்களாதேஷுக்குப் பிறகு முதல் தடவையாக ஒருவருக்குப் பல் பிடுங்கினார். அன்றைக்கு எனக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ். "நோவவே இல்லன்னு சொன்னார் தங்கச்சி..." அவ்வளவுதான் மெசேஜ்.

போன வருஷம் முடித்தார். லைசன்ஸும் எடுத்தார். அடுத்த மாதம் மனைவியும் மகளும் அவரிடம் போக இருந்தார்கள்.

இன்றைக்கு மேடமும் நானும் உக்குவெலை வீட்டுக்குப் போனோம். உடலை இங்கே கொண்டுவரவில்லை; ஜனாஸாவை அமெரிக்காவிலேயே அடக்குகிறார்கள். அவருடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவன்ட பக்கத்துல ஆள் இருக்காங்களா மகள்?"

"இருக்காங்க உம்மா. கூடப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் வந்துட்டாங்களாம். ராத்திரி முழுக்கக் கார் ஓட்டிக்கிட்டு வந்தாங்களாம்."

உம்மா தலையாட்டினார். கையை விடவில்லை.

உங்கள் கபுர்க்குழி வெளிச்சமாக இருக்கட்டும் என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த துஆ எல்லாம் ஓதத் தெரியாது. நானும் அதையே சொல்லிக்கொள்கிறேன், நானா.