கடைசிப் பாகம் இல்லாத அலமாரி

சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கப் போகிறேன், அன்னவாசல் பக்கம் வேறென்ன இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது ஓர் ஆஸ்பத்திரி அலமாரிதான். 1959 ஐப்பசியில் பார்த்தது. ஓவியத்தை இன்றுவரை பார்க்கவில்லை.

என் மனைவி மீனாட்சி அங்கே காசநோய் வார்டில் இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. எங்கள் ஊர் மீமிசலிலிருந்து அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை எழுபது கிலோமீட்டர் வரும். அங்கே பஸ் மாற வேண்டும். விடியற்காலை கிளம்பினால் மதியம் சேரலாம். டிக்கெட் விலை கேட்காதீர்கள், சத்தியமாக நினைவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னதும் எழுந்து பின்னால் போய்விட்டார். டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு அந்தக் காலத்தில் சீட்டு தாராளம்.

பையில் ஒரு பைண்டு புத்தகம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துத் தைத்த ஐந்தாம் பாகம். "நாலு பாகம் இங்க இருக்கு, கடைசிய மட்டும் காணோம். எங்கிட்டாச்சும் கெடச்சா கொண்டாங்க" என்று மீனாட்சி போன தடவை சொல்லியிருந்தாள். அன்று திரும்பும் வழியில் புதுக்கோட்டை பழைய பேப்பர்க் கடையில் அகப்பட்டது. பஸ்ஸிலேயே படித்து முடித்தேன்.

நூலகம் என்றால் வராந்தாவில் ஓர் அலமாரி. 1948இல், புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயம், பெரிய டாக்டர் தன் மருத்துவப் புத்தகங்களுக்காக வாங்கிப் போட்டதாம். மேல் தட்டுகள் டாக்டர்களுக்கு, பூட்டு உண்டு. கீழ்த் தட்டு பிற்பாடு நோயாளிகளுக்கு வந்தது. குணமாகிப் போனவர்கள் விட்டுச்சென்ற கதைகள். ஒருவர் படித்ததை வெயிலில் காயவைத்துத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.

சாவி வைத்திருந்த நர்ஸம்மா என் கையிலிருந்ததைப் பார்த்ததும் தடுத்தார்.

"கடைசிப் பாகமா? உள்ள வேணாங்க. பேஷண்டுங்களே ஒளிச்சு வச்சிருவாங்க. கதைய முடிச்சா ஆளும் முடிஞ்சுரும்னு ஒரு நெனப்பு. வீட்டுக்குப் போற அன்னைக்குத்தான் அதக் குடுக்குறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. மீனாட்சியைப் பார்த்ததும் நின்றுவிட்டது, அவ்வளவு இளைத்திருந்தாள். வேப்பமரத்தடியில் அவளுக்கு ஒரு பெஞ்சு, எனக்குத் தள்ளி ஒரு பெஞ்சு. புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"வந்த புதுசுல தெரியாம கேட்டுட்டேங்க. வீட்டுலயே வச்சிருங்க, நான் வந்து படிக்கிறேன்."

"நான் படிச்சுட்டேன். என்ன ஆச்சுன்னு சொல்லவா?"

"ஐயோ, சொல்லிராதீங்க!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திரும்பும்போதும் பக்கத்து சீட்டு காலிதான். புத்தகத்தை அதில் வைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு தனியாக நான் எங்கேயும் போனதில்லை. தை பிறப்பதற்குள் மீனாட்சி போய்விட்டாள்.

போகிறவர்களுக்கு: புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசலுக்கு இப்போது பஸ் நிறைய. காலையிலேயே போங்கள், மதியத்தில் பாறை கொதிக்கும். தண்ணீர் கையில் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குப் புத்தகம் கொண்டுபோனால் தொடர்கதை மட்டும் வேண்டாம்.

அந்தக் கதையில் பிரிந்தவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். இத்தனை வருஷத்தில் இன்றுதான் அதை வெளியே சொல்கிறேன்.