ஓரகத்தி எடுக்காத சீட்டு

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே மாமியார், ஒரே கூரை, கிட்டத்தட்ட ஒரே வருமானம். அவள் புருஷன் அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். அவருடைய தம்பியான என் புருஷன் பஸ்ஸில் கண்டக்டர். அவளுக்கு ஒரு மகன், எனக்கு ஒரு மகள், இரண்டு பேருக்கும் ஒரே வயது. 1989இல் மாமியார் காலமான பிறகு, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினோம். செங்கல் பற்றாமல் சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் எனக்குத் தெரியும்.

வருமானம் ஒன்றுதான். ஆனால் மாசக் கடைசியில் அவளிடம் பணம் இருக்கும், என்னிடம் இருக்காது. கஞ்சப் பிசினாறி என்று சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழி வைக்கவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பாள், பண்டிகைக்குத் துணி எடுப்பாள், என் மகளுக்கும் சேர்த்து முறுக்கு சுடுவாள். அப்படியும் மிச்சம் பிடித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தபால் ஆபீஸ் சேமிப்புக்குப் பணம் வாங்கிப் போக மாதம் தவறாமல் ஒரு அம்மா அவள் வீட்டுக்கு வருவார். மோர் குடிப்பார். இருவரும் எதற்கோ சிரிப்பார்கள். பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒருத்தியால் எப்படிச் சிரிக்க முடியும் என்று நான் இந்தப் பக்கம் பருப்பைக் கடைந்துகொண்டே பொருமுவேன். அந்தச் சேமிப்பு முதிர்ந்தபோது இரும்பு பீரோ வாங்கினாள். அது அவள் வாசலில் நுழையவில்லை. என் வாசல் வழியாகக் கொண்டுவந்து, என் கூடத்தில் திருப்பி, சுவருக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். ஆள் பற்றவில்லை என்று நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். அடுத்தவள் பீரோவைத் தன் வீட்டுக்குள்ளேயே சுமந்தவள் ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

என் மகளைக் காலேஜில் படிக்கவைக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதே வெறியாக இருந்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்தப் பெண்ணும் பள்ளிக்கூடம் தாண்டிப் போனதில்லை. அவள் மகனுக்குப் பீரோவில் பணம் சேர்ந்துகொண்டிருந்தது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலேஜுக்குப் போகும்போது என் மகள் வாசல் கூட்டிக்கொண்டு நிற்பாள் என்ற காட்சி கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதனால் அவள் சேர்ந்திருந்த ஏலச் சீட்டில் நானும் சேர்ந்தேன்.

சீட்டு நடத்திய அம்மாள் தேரடிப் பக்கம் குடியிருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் ஏலம் நடக்கும். இருபது பேர், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், மொத்தம் பத்தாயிரம். பணம் அவசரமாக வேண்டியவர்கள் அதில் எவ்வளவு தள்ளிக்கொடுக்கத் தயார் என்று சொல்ல வேண்டும். அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்கு முழுப் பணமும் வரும். என் புருஷன் சேர்த்துவிடும்போதே சொல்லியிருந்தார், "கம்முனு உக்காந்திரு. வாயத் தொறக்காத. கடைசியில எடுத்தா போதும்."

வாயைத் திறக்காமல் இருப்பது என் ஜாதகத்திலேயே இல்லை.

முதல் மாதப் பணத்தைச் சீட்டு நடத்துகிறவர் எடுத்துக்கொள்வது வழக்கம். அதனால் இரண்டாம் மாதம்தான் நான் பார்த்த முதல் ஏலம். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மனைத் தரகர் ஓரகத்தி வீட்டுக்கு வந்தார். அடி அண்ணாமலையில் ஒரு மனை, மலை சுற்றுகிற பாதையை ஒட்டினாற்போல, விற்பவருக்கு அவசரம், இப்போது வாங்கினால் உண்டு என்றெல்லாம் அவர் அளந்தது சுவர் தாண்டி வந்தது. பிறகு பேசிக்கொண்டே இருவரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். அவள் என்ன பதில் சொன்னாள் என்று தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் எனக்கு இருக்கவில்லை. பீரோ ஆயிற்று, இனி மனை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அன்றைக்குச் செய்த குழம்பில் உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏலம் தொடங்கியதும் அவள் குரல்தான் முதலில் வந்தது. "ஆயிரம்."

பார்த்தாயா, மனைக்குத்தான் என்று எனக்குள் பற்றிக்கொண்டது. "ஆயிரத்து எரநூறு" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஆயிரத்து ஐந்நூறு" என்றாள். நான் இரண்டாயிரம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து இரண்டாயிரத்து ஐந்நூறு என்றாள். விடுவேனா? மூவாயிரம். நடுவில் யாரோ இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். நான் மூவாயிரத்து ஐந்நூறு என்று கூடமே அதிரச் சொன்னேன். சீட்டு அம்மாள் மூன்று தரம் சொல்லி முடித்தார். என் ஓரகத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரில் சாய்ந்தாள். எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை. பக்கத்திலிருந்தவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நானும் சிரித்தேன்.

திரும்பி வரும் வழியில் ஓரகத்தி கேட்டாள், "ஏம்மா, வூட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லியா? இன்னா அவசரம் உனக்கு?"

"நீங்க எடுக்கத்தானே கேட்டீங்க?"

"நானா? நான் எப்பவும் கடைசியிலதான் எடுப்பேன். சும்மா ரெண்டு தரம் ஏத்தி உட்டா எல்லாருக்கும் தள்ளு ஜாஸ்தியா கெடைக்கும். எல்லாரும் செய்றதுதான். நீ நிறுத்துவே, நிறுத்துவேனு பாத்தேன். நீ நிறுத்தவே இல்லியே!"

நான் தள்ளிய மூவாயிரத்து ஐந்நூறில் அவளுக்கும் ஒரு பங்கு. அவள் சேமிப்புக்கு நான் மொய் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டில் புருஷன் குதித்தார். "யாரைக் கேட்டு எடுத்தே? எதுக்கு எடுத்தே?"

அவரிடம் என்னவென்று சொல்வது? "மனை வாங்கத்தான்" என்றேன். "எங்க?" என்றார். எனக்குத் தெரிந்த மனை ஒன்றே ஒன்றுதான். "அடி அண்ணாமலைல" என்றேன்.

வாயால் சொன்னதைக் காலால் செய்ய வேண்டியதாயிற்று. தரகரைத் தேடிப் பிடித்து இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். பாதையை ஒட்டி என்று அவர் சொன்னது பாதையிலிருந்து கூப்பிட்டால்கூடக் கேட்காத தூரம். வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. நடுவில் ஒரு ஆடு நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தது. "இங்க எவன்டி குடி வருவான்?" என்று என் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். சீட்டு எடுக்காமலே கைப்பணத்தில் ஓரகத்தி வாங்க நினைத்த மனை என்றால் அதில் விஷயம் இல்லாமலா இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் என் சங்கிலியையும் விற்றுப் போட்டுப் பத்திரம் முடித்தேன்.

பதிவு செய்த அன்றே இனிப்பு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முகம் மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அந்த இனிப்பு.

"அந்த முள்ளுக்காடா?" என்றாள். "என்கிட்டதான் மொதல்ல வந்தாரு. வேணாம்னு அனுப்பிட்டேன். என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா." சொல்லிவிட்டு இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நன்றாயிருக்கிறது என்றும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எரிகிறது. பணத்தை எடுத்தாயிற்று. ஆனால் சீட்டு முடியும்வரை மாதாமாதம் கட்டித்தானே ஆக வேண்டும். ஒவ்வொரு ஏலத்திலும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசி மாதம் அவள் முழுப் பத்தாயிரத்தையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மறுநாளே தபால் ஆபீஸில் போட்டுவிட்டாள். சீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "அவங்களப் பாத்துக் கத்துக்கோ" என்றார். கத்துக்கொள்ளத்தானே வந்தேன், அவளைப் பார்த்துத்தானே கெட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

பிறகு நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. சிறப்புப் பஸ் விட்டார்கள். பௌர்ணமியன்று என் புருஷன் வீடு வந்து சேர விடிந்துவிடும். ஆசிரமத்துப் பக்கம் அறை கிடைக்காமல் வெளியூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் பாதை நெடுக இடம் தேட ஆரம்பித்தார்கள். எனக்கு விற்ற அதே தரகர் என் வீட்டுக்கு வந்து, கொடுத்துவிடுகிறாயா என்று கேட்டார். அவர் சொன்ன விலையைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, "எவ்ளோ சொன்னீங்க?" என்று உரக்கக் கேட்டேன். அவரும் உரக்கச் சொன்னார். அந்தப் பக்கம் அம்மி அரைக்கும் சத்தம் நிற்கக்கூட இல்லை.

நான் அப்போது விற்கவில்லை. என் மகள் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் பாதி மனையை விற்று அவளைச் சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்த்தேன். ஓரகத்தி மகனும் அதே வருஷம் வேலூரில் சேர்ந்தான். அவள் தன் சேமிப்பு ஒவ்வொன்றையும் அந்தந்தப் பருவக் கட்டணத்துக்கு முதிர்கிற மாதிரி முன்கூட்டியே போட்டு வைத்திருந்தாள். என் மகளை வழியனுப்ப வந்தவள் கையில் பணம் கொடுத்தாள், நெற்றியில் விபூதி வைத்தாள். மனையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நல்ல விலை என்றோ, உனக்கு அதிர்ஷ்டம் என்றோ, ஒரு உச்சுக்கூடக் கொட்டவில்லை. இத்தனை வருஷமாக நான் அவளைப் பார்த்து வெந்த வேக்காட்டில் ஒரு துளி அவளுக்கும் வரக் கூடாதா என்று இருந்தது.

படிப்பு முடிந்து மகளுக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தோடு ஊருக்கு வந்தாள். எனக்குப் புடவை, அப்பாவுக்குக் கைக்கடிகாரம். மிச்சப் பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். எங்கே என்றேன்.

"எதுல போட்டு வெக்கலாம்னு பெரிம்மாவக் கேட்டுட்டு வந்துடறேம்மா. அவங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

பீரோவைப் பொறுத்தேன், பத்தாயிரத்தைப் பொறுத்தேன், இதை எப்படிப் பொறுப்பது? முள்ளுக்காட்டை வாங்கி அவளைப் படிக்கவைத்தவள் நான், யோசனை கேட்க மட்டும் பெரியம்மாவா? புடவையைக் கட்டிலில் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனேன். ஓரகத்தி வீட்டு வாசலில் நின்றுகொண்டேன்.

உள்ளே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், "கைக்கு வந்த அன்னிக்கே எடுத்து வெச்சிடு. மிச்சத்துல செலவு பண்ணு. அவ்ளோதான் எனக்குத் தெரியும். மனை கினைனா உங்கம்மாவக் கேளு."

"அம்மாவுக்கு என்னா தெரியும் பெரிம்மா?"

"ஏன் தெரியாது? அந்த எடம் மொதல்ல என்கிட்டதான் வந்துச்சி. தெரிஞ்ச மாதிரி வேணாம்னுட்டேன். உங்கம்மா அதுல பாதிய வித்து உன்னக் காலேஜுல சேத்தா பாரு, அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. வயிறு அப்பிடி எரிஞ்சிது. இன்னிக்கும் அந்த வழியா பஸ்ஸுல போனா இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவேன், பாக்க மாட்டேன்."

நான் உள்ளே போனேன். இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஓரகத்திக்கு முகம் சிவந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த முகம் அது. நான் அவள் எதிரிலேயே சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தேன்.

"வாசல்ல சத்தம், பாதிதான் கேட்டுச்சி" என்றேன். "மொதல்லேர்ந்து இன்னொரு தரம் சொல்லுங்கக்கா."