மஞ்சளில் தோய்த்த மல்துணி

உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அப்பா கொழும்புக்குப் பிழைக்கப் போனார். எனக்கு எட்டு வயது. புறப்படுகிற அன்றைக்குப் பாளையங்கோட்டையில் மாமாவிடம் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சாயங்கால ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு.

அம்மாவின் தம்பியான அந்த மாமா கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகையில் படம் பிடித்துவந்தார். மேலிருந்து இறங்கும் வெயிலை அப்படியே விட்டால் முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி விழும். அதனால் கூரைக்கடியில் வெள்ளை மல்துணியை இழுத்துக் கட்டுவார். பழைய துணி கிழிந்துபோனதால் மேலப்பாளையத்தில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அம்மாவுக்கும் அந்தப் பயம் உண்டு. "புதுத் துணில்லா? ஓரத்துல கொஞ்சம் மஞ்சத் தடவிக் குடு" என்று என்னிடம் சொன்னாள். ஓரத்தில் தடவினால் கொஞ்சம் காப்பு, முழுவதும் நனைத்தால் முழுக் காப்பு என்று நினைத்தேன். மஞ்சளைக் கரைத்துத் துணியை முக்கி உலர்த்தினேன். மாமா இருட்டறையில் வேலையாக இருந்தபோது நானே ஏணியில் ஏறிக் கட்டியும் விட்டேன்.

கொட்டகை கல்யாண வீடு மாதிரி பொன்னிறமாகிவிட்டது. மாமா வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே, காரியத்தக் கெடுத்திட்டியே. நம்ம கண்ணுக்குத்தாம்லே இது வெளிச்சம். படம் விழுற கண்ணாடிப் பிளேட்டுக்கு மஞ்சள்னா இருட்டு."

துணியை உருவிப் பார்த்தார். வெயிலில் அப்பாவால் கண் திறக்க முடியவில்லை. அலசினாலும் மஞ்சள் போகாது. ரயிலுக்கும் நேரமில்லை. மறுபடி அதையே கட்டினார்.

"அத்தான், மத்த நாள்னா மூணு எண்ணுவேன். இன்னைக்கு முப்பது. அதுவரைக்கும் ஆடப்புடாது."

"கோயில்லயே அவ்வளவு நேரம் நின்னதில்ல இவுக. இங்கன இருக்கப் போறாகளாக்கும்" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற என் தோளில் கையை வைத்தார். அதற்குமுன் அவர் கை என்மேல் பட்டதெல்லாம் அடிக்கத்தான். மாமா கேமராக் கண்ணின் மூடியைக் கழற்றி எண்ண ஆரம்பித்தார். பத்துக்குமேல் அப்பாவின் விரல்கள் அழுத்தத் தொடங்கின. இருபதில் வலித்தது. தோளை அசைக்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுவருஷம் அவர் காய்ச்சலில் போய்விட்டதாகக் கடிதம் வந்தது. என் மஞ்சள் கடலுக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தபோதெல்லாம் அந்தப் படம் என் தகரப்பெட்டியில் கூடவே வந்தது. அதில் அப்பா கல்லில் செதுக்கியதுபோல இருக்கிறார். எனக்கு முகமில்லை, கழுத்துக்குமேல் புகைதான். தோளில் அவர் கை மட்டும் நகம் தெரிகிற அளவுக்குத் தெளிவாக விழுந்திருக்கிறது.

நான் ஆடிவிடக் கூடாதென்றுதான் அப்படி அழுத்திப் பிடிக்கிறார் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.