யூனியன் ஸ்டேஷனில் நான் சொன்ன யெஸ்

இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில் என்னிடம் கைத்தொலைபேசி இல்லை. கனடாவின் கிங்ஸ்டனில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. அக்கா இருந்தது லண்டனில். இங்கிலாந்து லண்டன் இல்லை, ஒன்ராறியோவிலுள்ள எங்கள் லண்டன். அங்கே போக ரொறன்ரோவில் இறங்கி ரயில் மாற வேண்டும். இரண்டு கிழமைக்கு முன்பே மலிவு டிக்கெட் எடுத்திருந்தேன். அதில் போட்டிருக்கும் ரயிலில்தான் ஏறலாம், மாற்ற முடியாது.

புறப்படுவதற்கு முதல்நாள்தான் செய்தி வந்தது. மூன்று மாதமாக உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதிருந்த அம்மா வவுனியா முகாமில் இருக்கிறார். யாருடையதோ போனில், மறுநாள் எங்கள் நேரம் பகல் பன்னிரண்டுக்கு, அக்கா வீட்டுக்கு எடுப்பார். "உன்ர குரலையும் கேக்கவேணுமாம். எப்பிடியும் வந்து நில்" என்றாள் அக்கா.

ரொறன்ரோ யூனியன் ஸ்டேஷனில் இறங்கியபோது காலை எட்டரை. ஒன்பது மணிக்கு ஒரு லண்டன் ரயில் இருந்தது. என் டிக்கெட்டோ பன்னிரண்டரை ரயிலுக்கு. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட வார இறுதி, ரயில் நிரம்பிவிட்டது, இந்த டிக்கெட்டில் மாற்றவும் முடியாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். கழிவறைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, அதில் இருந்து போக உங்களுக்கு மறுப்பில்லையே என்று கேட்டாள்.

"யெஸ்" என்றேன்.

மறுப்பில்லையே என்று கேட்டால் நாங்கள் ஓம் என்போம். ஓம், மறுப்பில்லை. அவள் கேட்டதோ 'டூ யூ மைண்ட்'; அவளுடைய மொழியில் அதற்கு யெஸ் என்றால், மறுப்பு இருக்கிறது என்று அர்த்தம். அவள் முகம் இறுகியது. அப்படியென்றால் உங்கள் ரயிலுக்கே காத்திருங்கள் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் நன்றி வேறு சொல்லிவிட்டு விலகினேன். ஒன்பது மணி ரயில் போன பிறகுதான் மண்டையில் ஏறியது. விசரன் நான், கழிவறைக்கு உள்ளேயே இருந்துகூடப் போயிருப்பேன்.

காசு போட்டுப் பேசும் போனில், மோர்னிங்சைட்டில் கார் வைத்திருந்த தெரிந்தவர் ஒருவருக்கு எடுத்தேன்.

"அண்ணை, என்னை லண்டனிலை கொண்டுபோய் விடுவியளோ?"

"தம்பி, நான் வேலையிலை நிக்கிறன். பின்னேரம் எண்டால் வாறன்."

அக்காவுக்கும் எடுத்து, ரயில் கிடைக்கவில்லை என்று சொன்னேன். டிக்கெட்டைக் கிழித்தெறிய ஆத்திரம் வந்தது. எறிந்தால் பன்னிரண்டரைக்கும் போக முடியாது. அந்தக் கடதாசித் துண்டு என்னை நான் உட்கார்ந்திருந்த வாங்கிலோடு கட்டிப் போட்டிருந்தது.

பன்னிரண்டு ஐந்துக்கு அக்கா வீட்டு லைன் எங்கேஜ். அம்மா கதைக்கிறார். சந்தோஷத்திலும் ஆத்திரத்திலும் எனக்கு அழுகை வந்தது. திரும்பத் திரும்ப எடுத்து, பன்னிரண்டு இருபதுக்குத்தான் மணி அடித்தது.

"கதைச்சனியோ?" என்று கேட்டேன்.

"கதைச்சனான். நீ எங்கையெண்டு அம்மா கேட்டா. ரயில் கிடைக்கேல்லை எண்டால் நம்பமாட்டா. உனக்கு ஏதோ நடந்திட்டுது, மறைக்கிறம் எண்டுதான் நினைப்பா. அதாலை நீ குளிக்கிறாய் எண்டனான்."

"பிறகு?"



"தலையை வடிவாத் துடைச்சுப்போட்டு ஆறுதலா வரட்டும், நான் லைனிலை நிக்கிறன் எண்டா. பின்னாலை சனம் போனைத் தா எண்டு கத்தினது கேட்டது. லைன் கட்டாகுமட்டும் அம்மா ஒண்டும் கதைக்காமல் நிண்டவ."