ஆறு மணி நேர ஆகாயம்

விமானம் ஓட்டுகிறவன் விழுந்து செத்தால் பத்திரிகையில் போடுவார்கள். தரையில் உட்கார்ந்தபடியே சாகிறவனைப் பற்றி எவனும் ஒரு வரி எழுதுவதில்லை. அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மில்லில் ஷிப்டு போய் வீட்டோடு இருப்பவர்களே, யுத்தம் முடிந்த கையோடு ராணுவ டிப்போவிலிருந்து கழற்றி விடப்பட்ட குமாஸ்தாக்களே, வேலையில் இருக்கிறோமா இல்லையா என்று பெண்டாட்டியிடம்கூடத் தெளிவாகச் சொல்ல முடியாத என் இனத்தாரே, நீங்கள் படித்தால் போதும். மற்றவர்களுக்கு இது புரியாது.

என்னைப் பற்றி நாலு வரி. பன்னிரண்டு வயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்து தோல் கிடங்கில் சுமை தூக்கினேன். பிறகு குர்லாவில் ஒரு பட்டறையில் ஸ்பானர் பிடித்தேன். ஜுஹூவில் பணக்காரப் பிள்ளைகள் பறக்கப் பழகும் கிளப்பில் என்ஜின் துடைக்கிற வேலை கிடைத்தது. பாதிச் சம்பளம் வேண்டாம், அதற்குப் பதிலாக வாரம் பத்து நிமிஷம் பறக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று அங்கிருந்த வாத்தியாரிடம் பேரம் பேசினேன். அவர் ஐந்து என்றார். எட்டில் படிந்தது. எட்டு எட்டு நிமிஷமாகச் சேர்த்து, யுத்தத்தில் பைலட்டுக்குப் பஞ்சம் வந்தபோது உள்ளே நுழைந்து காப்டன் ஆனவன் நான். யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துப் போட்ட டக்கோட்டா விமானங்களை வாங்கி ஆளுக்கு ஒரு விமானக் கம்பெனி தொடங்கினார்கள். எங்கள் கம்பெனியில் விமானம் நாலு, பைலட்டு பதினோரு பேர். பிரயாணிகள்தான் இல்லை.

முப்பத்தெட்டு நாள்

ஒருநாள் காலை சாந்தாகுரூஸ் ஏரோட்ரோமில் எங்கள் ஆபீஸ் போர்டில் ஒரு காகிதம் தொங்கியது. ஏழு பைலட்டுகளுக்கு மறு உத்தரவு வரும்வரை சம்பளமில்லாத விடுப்பு. அந்த ஏழில் நாலாவதாக முத்து என்று என் பேர். ஒரு நிமிஷம் வேறு யாரோ முத்து என்றுதான் நினைத்தேன். வேறு முத்து கிடையாது.

சம்பளம் நின்றதுகூட எனக்குப் பெரிய அடி இல்லை, பட்டினி எனக்குப் பழைய சிநேகிதம். அடி வேறு இடத்தில் விழுந்தது. பைலட்டின் லைசென்ஸை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் இத்தனை மணி நேரம் காப்டன் ஆசனத்தில் பறந்தேன் என்று லாக் புத்தகத்தில் காட்ட வேண்டும். எனக்கு ஆறு மணி நேரம் குறைந்தது. கெடு முடிய முப்பத்தெட்டு நாள். தவறினால் லைசென்ஸ் போச்சு. எழுத்துப் பரீட்சையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சரியாக மூன்று வருஷம் உட்காராத நான் அந்தப் பரீட்சையை முதல் தடவை எப்படித் தாண்டினேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை நடக்காது. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

நேரே மானேஜர் அறைக்குள் போனேன். அவர் ஒரு பார்ஸி, கோபமே வராத மனுஷர். அதுவே எனக்குக் கோபம். ஆறு மணி நேரம் கொடுங்கள் என்றேன், முடியாது என்றார். சரக்கு விமானமாவது கொடுங்கள், அஞ்சரை கொடுங்கள், சம்பளமே வேண்டாம் என்று இறங்கி இறங்கிப் பார்த்தேன். அப்புறம் மேஜையில் ஒரு குத்து விட்டேன். மைக்கூடு கவிழ்ந்தது. அவர் மையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முத்து, டக்கோட்டாவில் இருபத்தொரு சீட்டு. இருபத்தொரு பேரைக் கொண்டு வா, விமானம் கிளம்பும்."

பெஞ்சு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பட்டியலில் பேர் இல்லாதவனும் வெள்ளை யூனிபாரம் போட்டு, தொப்பி வைத்து, காலை ஏழு மணிக்கு ஆபீஸ் வாசல் பெஞ்சில் வந்து உட்காருவான். அன்றைக்குப் பறக்க வேண்டிய காப்டனுக்கு வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால், மானேஜர் கண்ணில் முதலில் படுகிறவனுக்கு அந்த விமானம். நல்ல காலத்தில் அந்தப் பெஞ்சில் ஒருத்தர் இருப்பார். இப்போது ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பறக்கப் போகிறவர் வாசலில் நுழைந்தால் ஏழு பேரும் அவர் மூக்கைத்தான் பார்ப்போம். அவர் ஒரு தும்மல் போட்டால் ஏழு பேரும் எழுந்து நிற்போம்.

விஸ்வநாதன் எங்களில் சீனியர். பாலக்காட்டுக்காரர், மாதுங்காவில் குடும்பத்தோடு இருந்தார். விடுப்புக்குத் தப்பிய நாலு பேரில் ஒருவர். அவர் வீட்டில் ஜுரம் என்று ஒரு நாள் காதில் விழுந்ததும், மாதுங்கா மார்க்கெட்டில் ஆரஞ்சுக்காரியோடு மல்லுக்கு நின்று அரை டஜன் வாங்கிக்கொண்டு ஓடினேன். அவர் மனைவி கதவைத் திறந்தாள். முகத்தை முடிந்த மட்டும் துக்கமாக வைத்துக்கொண்டு, ஜுரம் எத்தனை டிகிரி, டாக்டர் என்ன சொன்னார், நாளைக்கும் இருக்குமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. ஒரு மனுஷன் படுத்துக் கிடக்க வேண்டும் என்று மாஹிமிலிருந்து வேண்டிக்கொண்டே வந்திருக்கிறேன். பையை இன்னும் கீழே வைக்கவில்லை. அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஜுரம் அவருக்கில்லை, குழந்தைக்கு. காலம்பறலேர்ந்து மூணு பேர் ஆரஞ்சோட வந்துட்டா. இதைச் சொன்னதும் ஒருத்தர் பையைத் திருப்பி எடுத்துண்டே போயிட்டார்."

ஆறு மணிக்கு வீடு

என் சம்சாரம் இசக்கியம்மாளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தாராவியில் எங்கள் சாலில், அந்த வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்த ஒரே விஷயம், இந்த வரிசையில் ஒருத்தன் விமானம் ஓட்டுகிறான் என்பது. அந்தப் பேரைக் கெடுக்க மனசு வரவில்லை. தினம் விடிந்ததும் யூனிபாரம் போட்டுக்கொண்டு மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்தேன், சாயங்காலம் திரும்பினேன். பன்னிரண்டு நாள் இப்படி நடித்தேன். என்னைவிடக் கெட்டிக்காரன் பம்பாயில் இல்லை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பதிமூன்றாம் நாள் சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, இன்றைக்கு மேலே ஒரே மேகம் என்று ஆரம்பித்தேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "மேல போற ஆளு ரெண்டு நா களிச்சு வருவிய, வந்ததும் உறக்கம்னு விளுவிய. இப்பம் தெனம் ஆறு மணிக்கு ஆபீஸ் கிளார்க்கு கணக்கா வந்து நிக்கிய. எனக்கு ரெண்டாம் நாளே தெரியும், நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

ஆள் பிடித்தது

மானேஜர் சொன்னது கேலி. ஆனால் என்னிடம் ஒரு விலை சொன்னால் அதை நான் விலையாகத்தான் எடுத்துக்கொள்வேன். இருபத்தொரு பேர்தானே, பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். தாராவியில் தோல் வியாபாரிகள் மாதம் தவறாமல் மெட்ராஸ் போகிறவர்கள். மாதுங்காவில் ஊருக்குப் போகிற உத்தியோகஸ்தர்கள் எத்தனையோ பேர். ரயிலில் இரண்டு ராத்திரி கரியில் வேகிறவர்களுக்கு, காலையில் பம்பாயில் காபி, மத்தியானம் மெட்ராஸில் சாப்பாடு என்று சொன்னால் ஏறமாட்டார்களா?

மதிப்பாக இருக்கட்டும் என்று யூனிபாரத்தோடு வீடு வீடாக ஏறினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. மாதுங்காவில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு ஐயர் என்னை உட்கார வைத்து, காபி கொடுத்து, நான் பேசியதெல்லாம் பொறுமையாகக் கேட்டார். டிக்கெட்டை எடுக்கப் போகிறார் என்று நான் பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். அவர் என் தோளிலிருந்த பட்டைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஓட்டறவரே வீடு வீடா ஆள் பிடிக்க வந்தா, அந்த விமானத்துல ஏறலாமா கூடாதான்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?"

காப்டன் ஆசனம்

என்னைக் காப்பாற்றியவர் காதர் மொய்தீன் முதலாளி. சிறுவயதில் நான் சுமை தூக்கிய தோல் கிடங்கு அவருடையது. ஜன்னலோரச் சீட்டு வேண்டும், டிக்கெட்டில் தள்ளுபடி வேண்டும் என்று மூன்று நாள் என்னை இழுத்தடித்தார். எனக்கு இந்தப் பேரம் பேசுகிற வித்தையைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். கடைசியில் தன்னோடு பன்னிரண்டு வியாபாரிகளைக் கூட்டி வந்தார். மீதி எட்டுப் பேரை நான் தனித்தனியாகப் பிடித்தேன். இருபத்தொன்று நிறைந்தது. கெடுவுக்கு இன்னும் பதினாறு நாள். மெட்ராஸ் போய்த் திரும்பினால் ஆறு மணி நேரத்துக்கு மேலேயே வரும்.

அன்று காலை போர்டைப் பார்த்தேன். மெட்ராஸ் விமானம், காப்டன் விஸ்வநாதன் என்று எழுதியிருந்தது. மானேஜரைத் தேடிப் பிடித்தேன். உன்னை ஆட்களைக் கொண்டு வரத்தான் சொன்னேன், ஓட்டச் சொல்லவில்லையே, சீனியாரிட்டி என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். அதற்கு மேல் நின்றால் அவரை அடித்திருப்பேன். நேரே விமானத்தில் ஏறி, பிரயாணிகளைத் தாண்டிப்போய், காப்டன் ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

விஸ்வநாதன் வந்தார். எழுந்திரும் என்றார். இது நான் பிடித்த கூட்டம், நீர் எழுந்து போம் என்று கத்தினேன். நான் கொண்டுபோன ஆரஞ்சு, அவர் குழந்தை, பாலக்காடு எதையும் பாக்கி வைக்காமல் ஏசினேன். அவரும் சாது இல்லை. விமானம் ஓட்டும் சக்கரத்திலிருந்து என் கையைப் பிரிக்கப் பார்த்தார். எங்களுக்கும் பிரயாணிகளுக்கும் நடுவிலிருந்த கதவு திறந்தே கிடந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பின்னால் மூட்டைகள் நகரும் சத்தம் கேட்டபோதுதான் திரும்பினேன். ஒவ்வொருத்தராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக எழுந்த காதர் மொய்தீன் முதலாளி, என்னைப் பன்னிரண்டு வயதிலிருந்து பார்த்தவர், வாசலில் நின்று சொன்னார்: "தம்பி, தரையில நிக்கும்போதே ரெண்டு பேரும் சக்கரத்தைப் பிடிச்சு இளுக்கிய. ஆகாசத்துல போயி வெலக்கி விட யாரு இருக்கா?"

நாலு பேருக்கும் ஜுரம்

அதற்கப்புறம் பெஞ்சில் என்னோடு யாரும் பேசவில்லை. இருபத்தொரு டிக்கெட்டும் திரும்பிப் போனதற்கு நான்தான் காரணம், நியாயம்தான். நாட்கள் ஓடின. மூன்று டக்கோட்டாக்கள் என்ஜின் கழற்றப்பட்டுப் புல்லில் நின்றன. பறக்கிற நிலையில் இருந்த ஒன்றையும் கல்கத்தாவில் ஒரு பார்ட்டிக்கு விற்றாயிற்று, யாராவது ஒரு காப்டன் அதைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று செய்தி வந்தது. கம்பெனியின் கடைசிப் பறப்பு. எனக்கு அது வராது என்று தெரிந்தும் கால் தானாக ஏரோட்ரோமுக்குப் போயிற்று.

பெஞ்சு காலியாக இருந்தது. ஒருவர்கூட இல்லை. அந்தப் பெஞ்சை நான் முழுசாகப் பார்த்ததே அன்றைக்குத்தான். மானேஜர் வெளியே வந்தார். வேலையில் இருந்த நாலு காப்டன்களும் ஜுரம் என்று சீட்டு அனுப்பியிருக்கிறார்கள், கண்ணில் படுவது நீ ஒருத்தன்தான், நாளைக் காலை கிளம்பு என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. விமானத்தில் ஏதோ கோளாறு, இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். சண்டை போடுவதற்காகவே மாதுங்காவுக்குப் போனேன். ஜுரக்காரர் விஸ்வநாதன் மார்க்கெட்டில் நின்று, வாழைக்காயை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். கையைத் தட்டிவிட்டு அவர் சொன்னார்: "எங்களுக்கெல்லாம் லைசென்ஸ் இன்னும் ரெண்டு மாசம், மூணு மாசம் இருக்கு. உமக்கு ஒம்போது நாள். இன்னிக்கு வராதேங்கோன்னு பெஞ்சுலேயும் எல்லார்ட்டயும் சொல்லியாச்சு, முத்து. சட்டையை அழுக்கு பண்ணாம போய்ப் படுத்துத் தூங்கும்."

டம்டம்

ஏசுவதற்கு என்னிடம் எப்போதும் வார்த்தை உண்டு. அன்றைக்கு அவர் பொறுக்கிய வாழைக்காய்ப் பையை அவர் வீடு வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை கிளம்பினேன். இரண்டாவது ஆசனத்துக்கு, வாங்கிய பார்ட்டியே ஒரு வங்காளியை அனுப்பியிருந்தது. நாகபுரியில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினோம். அந்த வங்காளி வழியெல்லாம் எனக்கு முன்னாலிருந்த ஒவ்வொரு முள்ளையும் ஒவ்வொரு டயலையும் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். இப்படிக் கவனமாகப் பறக்கிறவன் கையில் போகிறதே நம் விமானம் என்று எனக்கு ஒரே நிம்மதி. பம்பாயில் எத்தனையோ காப்டன்களைப் பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி ஒருத்தனைப் பார்த்ததில்லை என்று அவனிடமே சொன்னேன். அவன் சிரித்தான்.

கல்கத்தாவின் டம்டம் ஏரோட்ரோமில் இறங்கி என்ஜினை நிறுத்தினேன். லாக் புத்தகத்தை மடியில் வைத்து, ஆறே முக்கால் மணி நேரம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே ஐந்தாறு ஆட்கள் ஏணியும் ஸ்பானருமாக நிற்கிறார்கள், ஒருத்தன் ஏற்கெனவே இறக்கையில் ஏறி ஒரு போல்டைத் திருகிக்கொண்டிருக்கிறான். என்னடா இது என்று அந்த வங்காளியைப் பார்த்தேன். அவன் நோட்டில் கடைசி வரியை எழுதி முடித்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "காப்டன் சாப், கொஞ்சம் எழுந்திருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற சீட்டும் கழற்றி விற்கிற லிஸ்டில் இருக்கிறது."

ஆக, என் வாழ்க்கையில் கேட்டதற்கு மேலேயே கிடைத்த ஒரே பேரம் இதுதான்: ஆறு மணி நேரம் கேட்டேன், ஆறே முக்கால் வந்தது, லைசென்ஸ் இன்னும் ஆறு மாதத்துக்கு உயிரோடு இருக்கிறது, ஓட்டுவதற்கு விமானம்தான் இல்லை.